மணிக்கொரு விலை வைப்பதற்கு முன் எங்கள் வீட்டு நோட்டைப் பாருங்கள்

மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையத்தாருக்கும், வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் மாட்டப் போகும் மின்வாரிய அதிகாரிகளுக்கும்,

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 2023 ஜூன் மாதம் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. வெயில் மின்சாரம் கிடைக்கும் பகல் எட்டு மணி நேரத்துக்கு வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி, எல்லாரும் கரண்ட் எரிக்கும் உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல், விவசாயம் தவிர எல்லாருக்கும் இது 2025 ஏப்ரல் 1-க்குள் வந்துவிட வேண்டும், எந்த மணிக்கு எவ்வளவு ஓடியது என்று தானே பதிந்து அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய வீட்டுக்கு மாட்டிய உடனேயே வந்துவிடும் என்று அதில் இருக்கிறது. அந்தத் தேதி போய்விட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் பழைய மீட்டர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்போது மாறும், மாறினால் எந்த மணிக்கு என்ன விலை, 100 யூனிட் இலவசம் என்னவாகும் என்று கேட்டால் தெளிவாகச் சொல்ல யாரும் இல்லை. கேட்ட இடத்தில் எல்லாம் கிடைத்தது ஒரே பதில்தான்: "வரட்டும்மா, வந்தா உங்களுக்குத்தான் மிச்சம்."

எவ்வளவு மிச்சம் என்று நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டோம். உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இது ஆரம்பித்தது போன வருஷம் ஒரு கணக்கெடுப்பில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். அறுபதாவது நாள் காலையில் நானே மீட்டரைப் போய்ப் பார்த்தேன், 488 யூனிட் ஓடியிருந்தது. 500-ஐத் தாண்டவில்லை, பிழைத்தோம் என்று நினைத்தேன். கணக்கெடுப்பவர் அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை, 63-வது நாள் வந்தார். 512 ஆகியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, எத்தனையோ ஊருக்கு அவர் ஒரே ஆள், மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், மோர் கொடுத்து அனுப்பினேன். ஆனால் பில்லைப் பாருங்கள். 2024 ஜூலையில் வந்த விலைப்படி 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35, 201-லிருந்து 400 வரை 4.70, 401-லிருந்து 500 வரை 6.30. அப்படிப் பார்த்தால் 488-க்கு 1,729 ரூபாய். 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டிவிட்டாலும் அந்த 2.35 போய்விடும், 101-வது யூனிட்டிலிருந்தே 4.70 விழும், 500-க்கு மேல் ஓடியதற்கு 8.40. 512-க்கு 2,140 ரூபாய் சொச்சம் வந்தது. மூன்று நாள் தாமதம், 24 யூனிட், அதற்கு 411 ரூபாய். யூனிட்டுக்கு 17 ரூபாய் வருகிறது. மின்வாரியங்கள் கரண்ட் வாங்கும் மின் சந்தையிலேயே வழக்கமாக ஒரு யூனிட்டுக்கு 10 ரூபாய்தான் உச்சவரம்பு என்று வைத்திருக்கிறார்கள்.

அந்த வாரமே கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டோம்.

சித்திரை, வைகாசியில் அறுபது நாள், ஒரு நாளைக்கு நாலு தடவை மீட்டரை எழுதினோம். காலை 6 மணிக்கு நான், 9 மணிக்கு அத்தை, சாயங்காலம் 5 மணிக்கு யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள், ராத்திரி 10 மணிக்கு மகள். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது, இருந்தாலும் டார்ச் அடித்து எண்ணைப் பார்த்து எழுதிவைப்பார். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். மாமாவுக்கு இதயக் கோளாறு, புழுக்கம் தாங்காது, அவர் அறையில் மட்டும் ஒரு டன் ஏசி, அதுவும் படுத்ததும் இரண்டு மணி நேரம் ஓடி நின்றுவிடும். மூன்று ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு எச்.பி. மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ். இங்கே யார் வீட்டில் எட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும்.

எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று கண்டுபிடிக்க வழி சொன்னது பிளஸ் ஒன் படிக்கும் மகள். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். எங்கள் மீட்டரின் முகப்பில் பொடி எழுத்தில் 3200 என்று போட்டிருக்கிறது, அதாவது அந்த விளக்கு 3,200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு பொருளை மட்டும் ஓடவிட்டு, போனில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். இன்வெர்ட்டரையும் மறக்காமல் நிறுத்த வேண்டும், அது பாட்டுக்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், முதல் நாள் எங்கள் கணக்கு முழுக்க அதனால்தான் தப்பாகப் போனது. பழைய சீலிங் ஃபேன் நிமிஷத்துக்கு நாலு தடவை சிமிட்டியது. கிரைண்டர் எட்டு. மோட்டார் ஐம்பதைத் தாண்டியது, எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்று வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்து எண்ணினாள். பக்கத்து வீட்டில் புதுசாக மாட்டியிருந்த, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனைக் கடனாக வாங்கி வந்து மாட்டிப் பார்த்தோம், இரண்டு நிமிஷத்துக்கு மூன்று தடவைதான் சிமிட்டியது. அவள் திரும்பத் திரும்ப எண்ணினாள், மூன்றுதான்.

இரண்டு மாதத்தில் மொத்தம் 540 யூனிட், ஒரு நாளைக்கு ஒன்பது. காலை 6-லிருந்து 9 வரை 1.3 யூனிட், பகல் 9-லிருந்து 5 வரை 2.1, சாயங்காலம் 5-லிருந்து 10 வரை 2, ராத்திரி 10-லிருந்து விடியும் வரை 3.6. ராத்திரிக் கணக்கில் பாதி, ஃபேன்.

இதில் எங்களால் நேரம் மாற்ற முடிந்தது எவ்வளவு தெரியுமா? காலையில் போடும் மோட்டாரை மத்தியானத்துக்கு மாற்றலாம், துணி துவைப்பதையும் வெயில் ஏறியபிறகு வைத்துக்கொள்ளலாம், சாயங்காலம் மாவு அரைப்பதையும் அயர்ன் பண்ணுவதையும் பகலில் முடித்துவிடலாம். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 1.2 யூனிட். காலையிலிருந்து பகலுக்கு 0.8, சாயங்காலத்திலிருந்து பகலுக்கு 0.4. அதற்கு மேல் மாற்ற ஒன்றும் இல்லை. ஃபேனை மத்தியானமே ஓட்டி ராத்திரிக்குக் காற்றை எடுத்துவைக்க முடியாது. ஃபிரிட்ஜை நிறுத்த முடியாது. மகள் ஏழு மணிக்கு உட்கார்ந்து படிப்பாள், அந்த விளக்கையும் மாற்ற முடியாது. மாமாவின் மூச்சு பகலில் திணறுமா ராத்திரியில் திணறுமா என்று யார் சொல்வது?

சரி, இதற்கு விலை போடுவோம். கணக்கு எளிதாக இருப்பதற்காக எல்லா யூனிட்டுக்கும் 4.70 என்றே வைத்துக்கொள்கிறேன். இரண்டு மாதத்தில் பகலில் 126 யூனிட், 20 சதவீதம் தள்ளுபடி என்றால் 118 ரூபாய் மிச்சம். சாயங்காலம் 120 யூனிட், 10 சதவீதம் கூடுதல் என்றால் 56 ரூபாய் போகும். கையில் நிற்பது 62 ரூபாய். மேலே சொன்னபடி வீடே நேரம் பார்த்து வேலையை மாற்றிக்கொண்டால் 141 ரூபாய். அந்த 10 சதவீதத்தை நீங்கள் 20 ஆக்கினால், எதையும் மாற்றாமல் இருக்கிற வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஐந்து ரூபாய் சொச்சம் மிஞ்சும். பெரிய ஆலைகளுக்கு உச்ச நேரத்தில் வாங்கும் 25 சதவீதத்தை எங்களுக்கும் வைத்தால் 22 ரூபாய் நாங்கள் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். விதியில் 'குறைந்தபட்சம் 10' என்றுதான் இருக்கிறது. மேலே எவ்வளவு போகலாம் என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் 'மிச்சம்' என்ற சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன், எண்ணைச் சொல்லுங்கள் என்கிறேன்.

இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பழைய ஃபேனை எடுத்துவிட்டு அந்தப் பி.எல்.டி.சி. ஃபேனை மாட்டினால், நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 75 யூனிட்டாவது குறைகிறது. 540 என்பது 465 ஆகிறது, பில் 2,376-லிருந்து 1,584-க்கு இறங்குகிறது. கிட்டத்தட்ட 790 ரூபாய். நேரம் மாற்றினால் யூனிட் குறையாது, 540 யூனிட் 540 ஆகவேதான் இருக்கும், 500-க்கு மேல் என்ற தண்டனையும் அப்படியேதான் இருக்கும். இன்றைய நிலையில் எங்களைப் போன்ற வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டரால் வரக்கூடிய பெரிய மிச்சம் மணிக்கொரு விலையில் இல்லை. சொன்ன தேதியில், நடுராத்திரியில், யாரும் வராமலே கணக்கு தானாக எடுக்கப்படும் அல்லவா, அதில் இருக்கிறது. போன வருஷம் அது இருந்திருந்தால் எனக்கு 411 ரூபாய் மிஞ்சியிருக்கும். ஸ்மார்ட் மீட்டரை நாளைக்கு ஒரு தடவையாவது தூரத்திலிருந்தே படிக்க வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. ஆகையால் ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்றுதான் சொல்வேன். இந்த மாநிலத்துக்கான மீட்டர் டெண்டர் விலை அதிகம் என்று 2024 முடிவில் ரத்தானது தெரியும், அதனால் மீட்டர் வந்து சேர நாளாகும் என்பதும் புரிகிறது. ஆனால் விலையை எப்படி வைக்கப் போகிறீர்கள் என்று யோசிக்க மீட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லையே.

இனி எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கணக்கைப் போட்ட கையோடு அவர் மின்கட்டண அட்டையையும் வாங்கிப் பார்த்தோம். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட், பில் 118 ரூபாய். அக்கா நடவு, களை, நூறு நாள் வேலை என்று காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். அண்ணனும் அப்படியே, பிள்ளைகள் பள்ளிக்கூடம். பகலில் அந்த வீட்டில் ஒரு பொருளும் ஓடாது, கதவு சாத்தியிருக்கும். ஆறு மணிக்கு மேல்தான் விளக்கு, மிக்சி, ஃபேன், டிவி எல்லாம். பகலுக்கு மாற்ற அவர்களிடம் ஒன்றும் கிடையாது. தள்ளுபடி நேரத்தில் அவர் வெயிலில் குனிந்து நாற்று நடுகிறார், கூடுதல் விலை நேரத்தில் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறார். தோராயமாகப் போட்டுப் பார்த்ததில் இரண்டு மாதத்துக்குப் பத்து ரூபாய் அவருக்குக் கூடுகிறது. பத்து ரூபாய்தானே என்று சொல்லிவிடலாம். ஆனால் 118 ரூபாய் பில்லில் அது பத்து ரூபாய், பகல் முழுக்க வீட்டில் ஆளும் ஏசியும் இருக்கிற இடத்துக்கு அதே திட்டத்தில் நூற்றுக்கணக்கில் குறையும். இதைச் சேமிப்புத் திட்டம் என்று அந்த அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இங்கேதான் 100 யூனிட் இலவசத்தைப் பற்றிய என் பயமும் இருக்கிறது. 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் அது இருக்கிறது, எங்கள் தெருவில் பல வீடுகள் அதற்குள்ளேயே முடித்துக்கொள்கின்றன. மணிக்கொரு விலை வந்தால் அந்த 100 யூனிட் எந்த மணியிலிருந்து கழிக்கப்படும்? மலிவான பகல் யூனிட்டிலிருந்து கழித்தால் இலவசத்தின் மதிப்பு குறைந்துபோகும், பகலில் ஆளில்லாத வீட்டில் கழிக்கவே யூனிட் இருக்காது. சாயங்கால யூனிட்டிலிருந்து கழித்தால் அக்காவுக்கு எந்தக் கூடுதலும் வராது. தள்ளுபடி 20 சதவீதம் என்றால் அதுவும் எந்த விலையில் 20 சதவீதம், 2.35-லா 4.70-லா 8.40-லா? வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் மாநிலத்தில் இதைச் சொல்லாமல் எப்படி ஒரு வீடு கணக்குப் போடும்?

பகலில் மின்சாரம் மலிவு, சாயங்காலம் கிராக்கி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, அது பொழுது சாய்ந்ததும் நின்றுபோகிறது, எல்லா வீட்டிலும் அப்போதுதான் சுவிட்சைப் போடுகிறார்கள். 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் வரை போனதே, அந்தக் கோடை எங்களுக்கும் மறக்கவில்லை. நேரத்துக்கு ஏற்றபடி வேலையை வைத்துக்கொள்வதையும் டெல்டாக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் இங்கே முறைப்பாசனம். எந்த ஆற்றில் எத்தனை நாள் தண்ணீர், எத்தனை நாள் அடைப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அதைப் பார்த்துத்தான் நாற்று விடுவோம், நடுவோம். பம்புசெட்டுக்கு மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று பார்த்து நடுராத்திரியில் பாம்புக்குப் பயந்துகொண்டே வரப்பில் நடந்தவர் எங்கள் வீட்டுக்காரர். முறை வைப்பது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் முறை வைத்தால் எங்களுக்கு இன்னொன்றும் தெரியும். மடையைத் திறந்ததும் தலைமடைக்காரன் வயல் நிறையும், வாய்க்கால் நுனியில் இருக்கிறவன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பான். கடைமடை வரை வந்து சேருகிறதா என்று பார்த்துக் கணக்கு வைத்தால்தான் அந்த முறைக்கு மதிப்பு.

கரண்ட்டிலும் நாங்கள் கடைமடைதான். டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் வீடு கடைசிக் கம்பத்துக்கு முந்தைய கம்பம். கோடையில் சாயங்காலம் ஏழரை மணிக்கு மாமா அறை ஸ்டெபிலைசரில் 170 வோல்ட் என்று காட்டும், சில நாள் 165. டியூப்லைட் கண் சிமிட்டும், மிக்சி முனகும், சட்னி அரைபடாது. ஃபேன் சுற்றும், காற்று வராது. எட்டரை, ஒன்பது ஆனால்தான் 200-க்கு மேல் ஏறும். அதாவது நீங்கள் கூடுதல் விலை வைக்கப் போகும் அதே நேரத்தில்தான் எங்களுக்கு வரும் மின்சாரம் தரம் குறைந்து வருகிறது. கிராக்கி நேரம் என்று சொல்லிக் கூடுதலாக வாங்குகிற பொருளை நிறுத்து நிறையக் கொடுக்க வேண்டாமா? ஸ்மார்ட் மீட்டர் வோல்டேஜையும் பதிவுசெய்யும். எங்கள் பயன்பாட்டை மணிக்கணக்கில் நீங்கள் பார்ப்பதுபோல, எங்களுக்கு வந்த வோல்டேஜை மணிக்கணக்கில் நாங்களும் பார்க்க வேண்டும்.

முன்கூட்டியே காசு கட்டினால்தான் கரண்ட் என்ற ப்ரீபெய்டு பேச்சும் வருவதால் கஜா புயலையும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை. எங்கள் பக்கம் நின்ற கம்பங்களைவிட விழுந்த கம்பங்கள்தான் அதிகம், மாவட்டங்கள் முழுக்கச் சேர்த்தால் லட்சத்துக்கு மேல். வெளிமாவட்டங்களிலிருந்து லைன்மேன்கள் வந்து சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள், ஊரில் சோறு ஆக்கிப் போட்டோம், அவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் செல்போன் டவரும் படுத்திருந்தது, வங்கி இல்லை, ஏ.டி.எம். இல்லை, கையில் இருந்த ரொக்கம் தென்னை வெட்டவும் கீற்று வாங்கவும் போனது. அப்படி ஒரு நாள் திரும்ப வந்து, கம்பி இழுத்துக் கரண்ட்டும் வந்துவிட்டு, மீட்டரில் காசு இல்லை என்று எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டை மட்டும் அணைத்துவிட்டால் நாங்கள் யாரிடம் போய் நிற்போம்? புயல் இல்லாத நாளிலும் எங்கள் ஊரில் சிக்னல் ஒரே சீராக இருப்பதில்லை, மழை பெய்தால் மாடிக்கு ஏறி நின்றுதான் பேச வேண்டும்.

ஆகவே கேட்கிறேன்.

ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய முதல் ஒரு வருஷத்துக்குப் பழைய கட்டணமே இருக்கட்டும். ஆனால் பில்லிலேயே, மணிக்கொரு விலை இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று இன்னொரு தொகையையும் அச்சிட்டுக் கொடுங்கள். கோடையும் மழையும் ஒரு சுற்று முடிந்தபிறகு எது தோதோ அதை அந்தந்த வீடு தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். மணிவாரிக் கணக்கை ஆப் இல்லாதவர்களுக்கும் காகிதத்தில் தமிழில் தாருங்கள், அதற்குக் கட்டணம் கேட்காதீர்கள். மீட்டருக்கான செலவையும் வேறு பெயரில் பில்லில் ஏற்றாதீர்கள்.

பகல் தள்ளுபடியை முதலில் கொடுங்கள், சாயங்காலக் கூடுதலை அப்புறம் பார்க்கலாம். அதையும் வீடுகளுக்கு 10 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள், இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு அறவே வேண்டாம். 100 யூனிட் இலவசத்தைச் சாயங்கால யூனிட்டிலிருந்துதான் முதலில் கழிப்போம் என்று ஆணையிலேயே எழுதுங்கள்.

பழைய மீட்டர் இருக்கும்வரை, அறுபது நாளைத் தாண்டிக் கணக்கெடுத்தால் அந்த 500 என்ற எல்லையையும் நாளுக்கு ஏற்றபடி உயர்த்திப் பில் போடுங்கள். 63 நாளுக்கு 525. இதற்குப் புது மீட்டர் வேண்டாம், டெண்டர் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும், இந்த மாதமே செய்யலாம். மாதாமாதம் கணக்கெடுப்பதாக 2021 தேர்தலில் சொல்லப்பட்டதும் பாக்கி இருக்கிறது.

வோல்டேஜ் பதிவைத் தெரு வாரியாக வெளியிடுங்கள். உச்ச நேரத்தில் வோல்டேஜ் குறைந்த நாட்களுக்கு அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கும் வீடுகளிடம் கூடுதல் விலை வாங்காதீர்கள். புது மீட்டர் அதிகமாக ஓடுகிறது என்று புகார் சொன்னால் ஐந்து நாளில் சரிபார்க்கும் மீட்டர் ஒன்றையும் சேர்த்து மாட்டிக் குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி திருத்தத்தில் இருக்கிறது, மீட்டர் மாட்ட வருபவர் கையிலேயே அதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள். ப்ரீபெய்டு என்பதை விரும்பியவர்களுக்கு மட்டும் வையுங்கள். ராத்திரியிலும், விடுமுறை நாளிலும், புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்களிலும், நோயாளி இருப்பதாக எழுதிக் கொடுத்த வீட்டிலும் தூரத்திலிருந்து இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. 2022-ல் கட்டண உயர்வுக்குக் கருத்துக் கேட்டபோது கோவை, மதுரை, சென்னையில் கூட்டம் நடந்தது. நாங்கள் விடியற்காலையில் பஸ் ஏறினால்தான் அங்கெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும், ஒரு நாள் கூலியும் போகும். வீடுகளுக்கு மணிக்கொரு விலை வைக்கும் முன் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ ஒரு கூட்டம் வையுங்கள், நடவும் அறுவடையும் இல்லாத நாளாகப் பார்த்து, பதினைந்து நாள் முன்னதாகச் சொல்லி, விலைப்பட்டியலைத் தமிழில் முன்பே வெளியிட்டு. நோட்டையும் எதிர்வீட்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கடைமடைக் கிராமத்து மின் நுகர்வோர் ஒருத்தி